எப்ப இருந்து?

சேலம் குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகராக இருந்த காலத்தில் நான் பார்த்த கசப்பிலேயே கடுமையானது, காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களின் கசப்புதான். ஆரம்பத்திலிருந்தே ஒட்டாமல் இருந்து பிரிய வந்தவர்கள் நகை, சீர்ப்பாத்திரம், ஜீவனாம்சம் என்று பேசிக் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பெற்றவர்களை எதிர்த்துச் சேர்ந்தவர்களுக்கு, நடுவில் இன்னொரு ஆள் வந்தது தெரிந்த பிறகு, பேசி முடிக்க மனசு வராது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர் ஒருவர். ஆளடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். வேறொரு பெண்ணோடு அவருக்கு இருந்த தொடர்பு மனைவிக்குத் தெரிந்து, பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில், ஒரு வருஷம் பிரிந்திருந்தால் இருவரும் சேர்ந்து விவாகரத்து மனு போடலாம். அதற்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அதையும் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல்கள் இதையெல்லாம் விளக்கியும் அந்தப் பெண் கையெழுத்துப் போடவில்லை. ஜீவனாம்சமும் கேட்கவில்லை.

"அவன் நிம்மதியா இருக்கக் கூடாது மேடம். அவ்வளவுதான்."

ஒரு வாய்தா தவறாமல் வந்தார். கணவர் எந்தச் சட்டை போட்டிருக்கிறார், இளைத்திருக்கிறாரா என்பது வரை கவனித்துவிட்டுத்தான் திட்ட ஆரம்பிப்பார். இந்த அளவு கவனம் காதலித்தவர்களுக்குத்தான் வரும். அது வெறுப்பான பிறகும் குறைவதில்லை.

கூட வந்த சித்தி, "மறந்துட்டு வேற பொழப்பப் பாரு" என்பார். எனக்கு இந்தப் பேச்சு ஆகவே ஆகாது. எதை மறப்பது என்றே தெரியாமல் தவிப்பவரிடம் சொல்கிற பேச்சா அது?

தனியாகப் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. ஏற்காடு கோடை விழாவுக்குப் போயிருக்கிறார்கள். குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு மலர்க் கண்காட்சி முழுக்கக் கணவர் சுற்றிக் காட்டியிருக்கிறார். "அன்னிக்கும் அவகூடப் பேசிட்டுத்தான் எங்களக் கூட்டிட்டுப் போனானா?" என்று கேட்டார். அந்த ஒரு நாள் இல்லை, குழந்தை பிறந்த நாள், காய்ச்சலில் விடியவிடியப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராத்திரி என்று எல்லாவற்றையும் இப்படித் தோண்டிக்கொண்டிருந்தார். நடந்து முடிந்த நல்ல நாட்களையும் துரோகம் பொய்யாக்கிவிடுகிறது. அவற்றில் எது நிஜம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் துரோகம் செய்தவர்தான். அவரை விட்டு விலக முடியாமல் போவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984 எங்களைப் போன்றவர்களைச் சமரசத்துக்குத்தான் பயன்படுத்துகிறது. சமரசம் என்றால் சேர்த்துவைப்பது மட்டும்தான் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த அமர்வில் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். "தப்புப் பண்ணிட்டேன்" என்ற ஒரே வரியை அவர் மறுபடி தொடங்கினார். அது வேண்டாம், எப்போது ஆரம்பித்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். ரொம்ப நேரம் தலை குனிந்திருந்துவிட்டு, ஏற்காடு போய்வந்த அந்த வருஷத்துத் தீபாவளிக்குப் பிறகு என்றார்.

விழா நடந்தது அதற்கு முந்தைய மே மாதம். அந்தப் பெண் குரலெடுத்து அழுதார். அத்தனை அமர்வுகளில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மன்னிக்கவில்லை, மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாய்தாவில், கூட்டு மனு போட்டால் குழந்தை யாரிடம் இருக்கும், பள்ளிக்கூடச் செலவை யார் பார்ப்பது என்று வக்கீலிடம் அவரே கேட்க ஆரம்பித்தார்.