அலுமாரிக்குள்ள கிடக்கிற தீசிஸும் இருநூத்தம்பது சொல்லும்

போன சனிக்கிழம பின்னேரம் கம்பஸ் முடிச்ச ஒரு தங்கச்சி வீட்ட வந்தா. கையில ஒரு பென் டிரைவ், அதுக்குள்ள அவட தீசிஸ், பட்டத்துக்கு எழுதின ஆய்வேடு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரையில வயல் செய்ற ஆக்கள்ட பேச்சப் பத்தினது. "அண்ணா, அப்ஸ்ட்ராக்ட்ட அந்த மொழியியல் டைரக்டரியில போடச்சொல்லி சேர் சொன்னவர், போமத் திறந்தா என்ன கேக்காங்க எண்டே விளங்குதில்ல" எண்டா. அப்ஸ்ட்ராக்ட் எண்டா ஆய்வுச்சுருக்கம், டைரக்டரி எண்டா ஆர் எந்த மொழியில என்ன ஆய்வு செஞ்ச எண்டு இணையத்தில தேடிப் பாக்கிற பட்டியல். ரெண்டு பேரும் இருந்து முடிக்க ராத்திரி ஒம்பதரை ஆயிட்டு. இதையே மூணு நாலு பேருக்குத் தனித்தனியாச் சொல்லியிருக்கன், அதான் இந்த முற எழுதியே வைப்பம் எண்டு இருக்கன்.

முதல்ல நடந்தது பாமினிப் பிரச்சின. பாமினி எண்டுறது இங்கிலீஸ் எழுத்துகளுக்கு மேல தமிழ் உருவப் போட்டுக் காட்டுற பழைய எழுத்துரு. எங்கட பக்கத்துப் புள்ளைகள்ட தீசிஸ் இன்னும் கனக்க பாமினியிலதான் டைப் பண்ணுப்பட்டிருக்கு. அத அப்படியே எடுத்துப் போமில ஒட்டினா தமிழே வராது, இங்கிலீஸ் எழுத்துகளும் புள்ளி வாற இடமெல்லாம் அரைப்புள்ளியுமாத்தான் வரும். பாமினியில ஒற்றுக்கு மேல வைக்கிற புள்ளிக்கு அரைப்புள்ளிக் கீயத்தானே தட்டுற, கம்பியூட்டர் அதத்தான் பாக்குது. தங்கச்சிட முகம் வாடிப்போச்சு, பிழையாக்கிட்டன் எண்டு நினச்சிட்டா. அவட பிழை ஒண்டுமில்ல. எல்லாக் கம்பியூட்டருக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாத்திட்டு, மறுகா ஒரு வரி விடாம வாசிக்கோணும், கொம்பு வாற எழுத்துகள விசேசமாப் பாக்கோணும், உதாரணச் சொல்லில ஒரு எழுத்து மாறினாலே ஆய்வே மாறின மாதிரித்தான்.

இவ்வளவு கஸ்டப்பட்டு ஏன் போடோணும் எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் எப்பவும் எங்கட பறங்கி ஆக்கள்ட பேச்சத்தான் சொல்லுவன். போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் பேசுற போர்த்துக்கேயக் கிரியோலப் பத்தி, அதாவது போர்த்துக்கேயமும் இங்கத்தப் பேச்சும் கலந்து பிறந்த மொழியப் பத்தி, இயன் ஸ்மித் எண்டுறவர் 1977ல கோர்னெல் பல்கலைக்கழகத்தில ஆய்வு செஞ்சவர். பிறகு லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்டோசோவும் அவரோட வேல செஞ்ச ஆக்களும் அந்தப் பேச்ச ரெக்கோட் பண்ணி இணையக் காப்பகத்தில வச்சிருக்காங்க. அதால உலகத்தில எந்த மூலையில கிரியோல் படிக்கிற ஆளுக்கும் மட்டக்களப்பு எண்ட பேர் தெரியும். போர்த்துக்கேயத்தில பெயருக்கு முன்னால வாற 'பாரா', இங்க தமிழ்ட 'கு' மாதிரிச் சொல்லுக்குப் பின்னால வந்து ஒட்டிக்கிட்டு எண்டுற விசயம் அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். அப்படி அந்தப் பேச்ச மாத்தின எங்கட தமிழ் எப்படிப்பட்ட தமிழ் எண்டு தேடினா கிடைக்கிறது கொஞ்சம்தான். இங்க ஆரும் ஆய்வு செய்யல்ல எண்டு இல்ல. செஞ்சது கறுத்த அட்டை போட்டுத் தங்க எழுத்துப் பதிச்சு அலுமாரிக்குள்ள கிடக்கு. எனக்கு இது உண்மையாவே மனசுக்குள்ள கிடந்து அறுக்கிற விசயம்.

டைரக்டரிக்கு முழுத் தீசிஸும் தேவல்ல. பேர், தலைப்பு, எந்த மொழி, எந்தத் துறை, எந்தப் பல்கலைக்கழகம், எந்த வருசம், அதோட இருநூத்தம்பது சொல்லுக்குள்ள ஒரு ஆய்வுச்சுருக்கம். தேடுற ஆள் அத வாசிச்சிட்டுத்தான் மத்ததக் கேட்டு எழுதுவார். அப்ப அந்த இருநூத்தம்பது சொல்லும் சும்மா போகக்கூடா.

தங்கச்சி எழுதிக் கொண்டுவந்த அப்ஸ்ட்ராக்ட் எப்படித் தொடங்கிச்செண்டா, காரைதீவில 1892ல பிறந்த விபுலானந்த அடிகள்ட பெருமை, பிறகு செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1966ல இலங்கைத் தமிழப் பத்தி எழுதேக்க மட்டக்களப்புப் பேச்சுத்தான் எழுத்துத் தமிழுக்கு ஆகக் கிட்ட இருக்கு எண்டு சொன்னது. ரெண்டும் உண்மை, ரெண்டும் எங்களுக்குப் பெருமைதான், நானும் என்ட தீசிஸ அப்படித்தான் தொடங்கினன். ஆனா அதுக்கே அறுவது எழுவது சொல் போயிட்டு. மறுகா "இவ்வாய்வானது மட்டக்களப்பு விவசாயிகளின் சொல்வளத்தை விரிவாக ஆராய்கின்றது" எண்டு ஒரு வரி. என்ன கண்டுபிடிச்ச எண்டு எங்கயும் இல்ல.

"நீ வயலுக்குப் போயி என்னத்தக் கேட்டனி, அத எனக்குச் சொல்லு" எண்டன். அவ உடன சொல்லத் தொடங்கிட்டா. புத்தகத்தில வேளாண்மை எண்டா விவசாயத் தொழில் முழுக்க, ஆனா இங்க வயல்ல நிக்கிற நெற்பயிரத்தான் வேளாண்மை எண்டுற, "வேளாண்மை வெட்டியாச்சா?" எண்டுதான் கேக்கிற. வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் வேற, அவர்ட வயல நிண்டு பாக்கிற முல்லைக்காரன் வேற, தண்ணிக்குப் பொறுப்பான வட்டவிதானை வேற, வரம்ப வெட்டித் தண்ணி விடுற இடத்துக்கு வக்கடை எண்டு தனிப் பேர். இதுகள்ல எத வயசான ஆக்கள் சொல்லுறாங்க, எத மெசின் வந்த பிறகு வயலுக்கு இறங்கின பொடியனுகள் சொல்லுறல்ல எண்டு அவ பிரிச்சுக் காட்டியிருக்கா. நான் அப்படியே எழுதச் சொன்னன். முதல் வரியிலயே வேளாண்மை வந்திட்டு, ரெண்டாவது வரியில எந்த ஊர், எந்த வயசு ஆக்கள், எப்படி ரெக்கோட் பண்ணின எண்டுறது, அடுத்ததா நாலு சொல்லும் அதுகள்ட அர்த்தமும், கடைசியா அவட முடிவு. போடியார எடுத்து "நிலச்சொந்தக்காரர்" எண்டு அர்த்தம் வாற இங்கிலீஸ் சொல்லா மாத்தியிருந்தா, அத வேணாம் எண்டன். சொல்ல அப்படியே வச்சுப் பக்கத்தில அர்த்தத்தக் குடுத்தாப் போதும், ஆய்வே அந்தச் சொல்லப் பத்தித்தானே.

மொழி எண்ட கட்டத்தில ஐஎஸ்ஓ 639-3 எண்டு, ஒவ்வொரு மொழிக்கும் உலகப் பொதுவா வச்சிருக்கிற ஒரு மூணெழுத்துக் குறி கேப்பாங்க. தமிழுக்கு டீ, ஏ, எம். மட்டக்களப்புத் தமிழுக்கெண்டு தனிக் குறி இல்ல, யாழ்ப்பாணத்துக்கும் இல்ல, சென்னைக்கும் இல்ல, எல்லாம் ஒரே கூடைதான். அதால ஊரத் தலைப்பிலயும், தேடுறதுக்குக் குடுக்கிற சொல்லான கீவேர்ட்டிலயும் கட்டாயம் போடோணும், இல்லாட்டி தமிழ்நாட்டு ஆய்வுகளுக்குள்ள காணாமப் போயிடும். மட்டக்களப்பு எண்டும் போடுங்க, இங்கிலீஸில உலகம் எழுதுற பட்டிக்கலோ எண்டும் போடுங்க. படுவான்கரைய ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி இங்கிலீஸில எழுதுறாங்க, நீங்க எத எழுதினாலும் பக்கத்தில வாவிக்கு மேற்குக் கரை எண்டு ஒரு வார்த்த சேர்த்து விடுங்க.

மறுகா பேர். நான் முதல்முதல்ல ஒரு டைரக்டரியில போடேக்க கடைசிப் பேர் எண்டு ஒரு கட்டம் இருந்திச்சு, நிரப்பாம விட்டா அடுத்த பக்கம் போகுதில்ல. எங்களுக்கு எங்க குடும்பப் பேர் இருக்கு, முன்னால அப்பாட பேர்தான். சரியெண்டு அப்பாட பேரப் போட்டன். பிறகு பாத்தா அகரவரிசையில நான் அப்பாட பேருக்குக் கீழ நிக்கிறன், ஒரு கட்டுரையில அப்பாட பேரச் சொல்லித்தான் மேற்கோள் காட்டியிருந்தாங்க. அப்பா பேர் வந்ததில எனக்குக் கவல இல்ல, அவர் வயல் செஞ்சுதான் என்னப் படிக்க வச்சவர். ஆனா ரெண்டாவது கட்டுரையில என்ட பேரக் கடைசியாப் போட்டுட்டன், இப்ப தேடுறவங்களுக்கு நான் ரெண்டு ஆள். மாத்தச்சொல்லி எழுதி ஆறு மாசம், இன்னும் மாறல்ல. அதால முதல் நாளே ஒரு வடிவத்த முடிவெடுத்து எல்லா இடத்திலயும் அதையே போடுங்க, ஆய்வு செய்ற ஆக்களுக்குக் குடுக்கிற ஓர்சிட் எண்டுற பதினாறு இலக்க நம்பரையும் எடுத்து வச்சுக்கங்க, காசு இல்ல, பேர் எப்படி மாறினாலும் அந்த நம்பர் மாறாது.

கன இடத்தில அப்ஸ்ட்ராக்ட் இங்கிலீஸிலதான் வேணும். இடம் விட்டா அதுக்குக் கீழயே தமிழ்லயும் போடுங்க. பேச்சத் தந்த ஆக்கள்ட மக்களும் பேரப்புள்ளைகளும் நாளைக்கு தேடினா வாசிக்கிறது அதத்தான். அந்த ஆக்கள்ட பேரோ வீட்டு விவரமோ மட்டும் உள்ள போகக்கூடா, ஊர் போதும்.

எனக்குத் தெரியவே எத்தின விசயம் கிடக்கு. வாகரைப் பக்கம் கரையோர வேடர் பேசுற தமிழ், அக்கரைப்பற்றுக்கு அங்கால அளிக்கம்பையில தெலுங்கு பேசுற குறவர் ஆக்கள்ட பேச்சு, காத்தான்குடியிலயும் சாய்ந்தமருதிலயும் உம்மா வாப்பா எண்டு பேசுற தமிழ். முஸ்லிம் ஆக்கள்ட தமிழப் பத்திக் கல்முனைப் பக்கத்து எம்.ஏ. நுஃமான் சேர் எழுதி வச்சதுக்குப் பிறகு புள்ளைகள் செஞ்ச சின்னச் சின்ன ஆய்வுகள் ஒலுவில் கம்பஸிலயும் வந்தாறுமூலைக் கம்பஸிலயும் இருக்கும். அதுகள்ட சொந்தக்காரர் இப்ப எங்கயாவது ஸ்கூல்ல படிப்பிச்சிட்டு இருப்பீங்க. தீசிஸ் முடிஞ்சு எத்தின வருசமானாலும் போடலாம், உங்கட சொப்ட் கொப்பி இல்லாட்டியும் அப்ஸ்ட்ராக்ட் பக்கத்த மட்டும் பாத்து திரும்ப டைப் பண்ணினாப் போதும்.

தங்கச்சிக்கு நேத்து மெயில் வந்திட்டு, ஏத்துக்கிட்டாங்களாம். இப்ப அவட கூட்டாளி ஒருத்தி தன்டத அனுப்பியிருக்கா, வாகரையில எடுத்தது, அதுவும் பாமினி. மாத்திட்டன், வரிவரியா வாசிக்க வேண்டியதுதான் கிடக்கு.