ஏற்றம் எளிது, இறக்கத்தைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்வது: "இங்க ஓடி விளையாட சமதளமே இல்லீங்க." எங்களைக் கேட்டால் மேடுதான் வசதி. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் இதே அளவுதான். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. காலையில் 15 நிமிடம் மேடேறினாலே கால் பங்கு வந்துவிடும்.

வண்டி வராத, அரை கிலோமீட்டருக்குள் முடிகிற ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். எஸ்டேட் பாதை என்றால் முதலில் அனுமதி கேளுங்கள். முடியும் இடம் தொட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்: ஒரு சில்வர் ஓக் மரம், ஒரு கேட். ஷூ, மேடு, மரம், வீடு என நான்கு போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டு அட்டையில் ஒட்டுங்கள். முடிந்த படத்தைப் பிள்ளையே எடுத்துப் பைக்குள் போடட்டும். எப்போது முடியும் என்று தெரியாத நடைதான் பாதி அழுகைக்குக் காரணம். பாதை, நேரம், கூட வருபவர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.

மேடேறும்போது முதுகில் கொஞ்சம் எடை இருந்தால் சில பிள்ளைகள் நிதானமாவார்கள். 30 கிலோ உள்ள பிள்ளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். இரண்டு வாரையும் இறுக்கிப் பை முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். தொங்கினால் தோளைப் பின்னால் இழுக்கும். கழற்றி எறிந்தால் விட்டுவிடுங்கள், இது எல்லோருக்கும் ஒத்துவராது.

சிக்கல் இறக்கத்தில்தான். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். தசை தளர்வாக உள்ள பிள்ளையும், நுனிக்காலில் நடக்கும் பிள்ளையும் பிரேக் பிடிக்க முடியாமல் ஓட ஆரம்பித்துவிடும். பார்ப்பவர்கள் குறும்பு என்பார்கள். வீட்டு வாசலில் மூன்று படி இறங்கிப் பழக்குங்கள், பிறகு சின்னச் சரிவு. பாதையில் பத்தடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு. ஒவ்வொரு கோட்டிலும் "நில்". நேராக இறங்காமல் வளைந்து வளைந்து இறங்கட்டும். நீங்கள் பள்ளத்துப் பக்கம், ஓரடி முன்னால். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் உடம்பு முன்னால் சாய்ந்துவிடும்; ஒரு குச்சியின் இரு முனைகளை இருவரும் பிடித்துக்கொள்வது மேல். வண்டி ஓடும் ரோட்டில் மட்டும் குச்சி வேண்டாம், கையையே பிடியுங்கள்.

இன்னொன்று. பழகாத கால் இறக்கத்தில் நிறைய இறங்கினால் வலி அன்றைக்கு வராது, மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் வரும். பேசாத பிள்ளை அதைச் சொல்ல முடியாமல் ஷூவைத் தள்ளிவிடும். "நேத்து நல்லா வந்தான், இன்னைக்கு அடம் பிடிக்கிறான்" என்று தோன்றினால் தொடையை அமுக்கிப் பாருங்கள். அதனால் முதல் இரண்டு வாரம் பாதித் தூரம் மட்டும் போங்கள்.

குளிர், தாகம், களைப்பு மூன்றும் இவர்களில் பலருக்குச் சரியாக உறைக்காது. அதனால் கேட்டுக்கொண்டிராமல், கால் மணிக்கு ஒருமுறை நீங்களே தண்ணீர் கொடுங்கள். மேடேறும் முன்பே ஒரு ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். வியர்வையோடு நின்றால் நடுக்கம் வரும். கம்பளி குத்தினால் உள்ளே பனியனைத் தையல் வெளியே தெரியத் திருப்பிப் போடுங்கள். மேகம் இறங்கினால் நாலடிக்கு அப்பால் ஆள் தெரியாது. ஓடிவிடும் பழக்கம் உள்ள பிள்ளைக்குப் பளிச்சென்ற நிறத்தில் ஜெர்கின், உள்பையில் உங்கள் போன் நம்பர். காட்டுமாடு நடமாடும் இடங்களில் விடியற்காலையும் அந்தியும் வேண்டவே வேண்டாம். ஏப்ரல், மே சீசனில் கொடைக்கானல் ஏரி ரோட்டில் ஹாரன் சத்தத்தைத் தாங்க மாட்டார்கள். ஏரியைச் சுற்றும் ஐந்து கிலோமீட்டர் பிறகு, ஒரு வாரநாளுக்கு இருக்கட்டும்.

மழை நாளில் நேரத்தை மட்டும் விடாதீர்கள். அதே நேரம், அதே அட்டை, மேட்டுப் படத்துக்குப் பதில் சுவர்ப் படம். சுவரைப் பத்து முறை தள்ளுவது, அரிசி மூட்டையை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நகர்த்துவது, படியேறுவது.

வலிப்பு இருந்தாலோ, ரிஸ்பெரிடோன் மாதிரிப் பசியைக் கூட்டும் மருந்து சாப்பிட்டாலோ முதலில் டாக்டரிடம் பேசுங்கள். பத்தாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளைக் கிரிக்கெட்டில் தள்ளுவதைவிடப் பந்தைக் கூடைக்குள் போடுவது, ஷட்டில் போன்றவை சுலபம். முறை வரும்வரை காத்திருப்பதும், பந்து எங்கிருந்து வரும் என்று ஊகிப்பதும்தான் அவர்களுக்குக் கஷ்டம். பள்ளியில் பி.டி. சாரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: விசிலுக்குப் பதில் கொடியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.