ஒரு பக்கம் மட்டும் தண்ணீர்: அக்காவின் தலையிடியோடு நாங்கள் அலைந்தது

"யோசனை கூடிப்போச்சு, நல்லா நித்திரை கொள்ளச் சொல்லுங்கோ." அக்காவின் தலையிடிக்கு முதலில் கிடைத்த விளக்கம் இதுதான். விடியற்காலையில் இடி, அதோடு சத்தி, வெயில் ஏற ஏறக் கொஞ்சம் குறையும் என்று எத்தனையோ தரம் சொன்னோம். ஒருவரும் காதில் போடவில்லை. கடைசியில் கண்ணாடியை மாற்றிப் பார்க்கச் சொல்லித் துண்டு தந்தார்கள்.

அந்தக் கண் பரிசோதனைதான் அக்காவைக் காப்பாற்றியது. துளி மருந்து விட்டு உள்ளே பார்த்த வைத்தியர், "இது கண்ணாடிப் பிரச்சினை இல்லையம்மா, கண் நரம்பு வீங்கியிருக்கு. இண்டைக்கே தலையை ஸ்கான் எடுங்கோ" என்றார். உங்கள் வீட்டிலும் விடியப்புறத் தலையிடியும் சத்தியும் விடாமல் இருந்தால், கண்ணின் பின்பக்கத்தைப் பார்த்துவிடச் சொல்லி நீங்களாகவே கேளுங்கள்.

சி.ரி. ஸ்கானில், மூளைக்குள் தண்ணீர் நிற்கிற அறைகளில் இடப்பக்க அறை ஊதிப்போய், நடுச்சவ்வை வலப்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. வலது அறை வழமைபோல இருந்தது. மூளைக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லீற்றர் தண்ணீர் ஊறுகிறதாம். பக்கத்துக்கு ஒன்றாய் இருக்கிற இரண்டு பெரிய அறைகளும் மொன்றோ துவாரம் என்ற சின்ன வழிகளால்தான் நடுவிலுள்ள மூன்றாவது அறைக்குள் வடிகின்றன. ஒரு பக்கத்துத் துவாரம் அடைபட்டால் அந்தப் பக்கம் மட்டும் வீங்கும். வளர்ந்தவர்களில் இது அரிது. கட்டி, நீர்க்கட்டி, பழைய இரத்தக்கசிவு, மூளைக்காய்ச்சலோ காசநோயோ விட்டுப்போன தழும்பு, நாடாப்புழுவின் குடம்பி, பிறவியிலேயே ஒடுங்கிய துவாரம், குறுக்கே வளர்ந்த மெல்லிய சவ்வு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். "சின்ன வயசிலை மூளைக்காய்ச்சல் வந்ததோ?" என்று அம்மாவைத் துருவித் துருவிக் கேட்டதும் அதனால்தான். கட்டி இல்லை என்று உறுதிப்படுத்தக் கொன்ட்ராஸ்ற் ஊசி (படம் தெளிவாகத் தெரிய ஏற்றுகிற மருந்து) போட்டு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க வேண்டும் என்றார்கள்.

அங்கேதான் வயிறெரிந்தது. சாப்பிடாமல் வந்து பகல் முழுக்கக் காத்திருந்த அக்காவின் முறை வந்ததும், லிகிதர் "கிரியற்றினின் றிப்போட் எங்கை?" என்றார். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கிற இரத்தப் பரிசோதனை அது. "துண்டிலை கொன்ட்ராஸ்ற் எண்டு எழுதியிருக்கு. திகதி தரேக்கை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். "அது அனுப்பினவை சொல்லியிருக்கோணும்" என்றுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா. இன்னொரு திகதி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே கொன்ட்ராஸ்ற் என்று எழுதியிருந்தால் கிரியற்றினினையும் துண்டு கிடைத்த அன்றைக்கே செய்துவிடுங்கள்.

ஒருவழியாக எம்.ஆர்.ஐ. எடுத்து முடிய, அடுத்த அடி கொழும்பில். இரவு பஸ்ஸில் போய், காலையில் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணருக்கு முன்னால் இருந்தால், ஸ்கான் எடுத்த இடத்தில் தந்த சீ.டி. தட்டுக்குள் றிப்போட் மட்டும்தான் கிடக்கிறது, படம் ஒன்றுகூட இல்லை. "படம் இல்லாமல் நான் என்னத்தைப் பாக்கிறது?" என்றார். அவரில் பிழையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்த மச்சான் ஓடிப்போய், ஸ்கான் எடுத்த இடத்தில் வேலை செய்த ஒரு தம்பியைப் பிடித்துப் புதிதாக ஒரு சீ.டி. எழுதுவித்து, அன்றிரவு பஸ்ஸிலேயே கொடுத்தனுப்பினார். விடிய வெள்ளவத்தையில் அதைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. சீ.டி. வாங்கினால், அந்த இடத்தை விட்டு வெளிக்கிட முதல் கணினியில் போட்டுப் படம் தெரிகிறதா என்று பாருங்கள்.

படத்தில் கட்டி இல்லை. துவாரத்தை மூடிய சவ்வுதான். "முதுகிலை ஊசி குத்தித் தண்ணியை எடுத்தால் குறையாதோ, டொக்டர்?" என்று மாமா கேட்டார். இப்படியான அடைப்பில் கீழேயிருந்து தண்ணீரை இழுத்தால் மூளை இறங்கி உயிராபத்து வரலாம் என்று வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மூன்றாவது அறையின் தரையில் துளை போடுகிற வழக்கமான முறையும் இதற்கு உதவாது, அடைப்பு அதற்கு மேலே இருக்கிறபடியால். தண்ணீர் வடிய மூளையிலிருந்து வயிற்றுக்குள் குழாய் இறக்கலாம். ஆனால் அது அடைபடலாம், கிருமி தொற்றலாம், ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும். அக்காவுக்கு அவர் தெரிவுசெய்தது, கமராக் குழாயை விட்டு இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள சவ்வில் ஓட்டை போடுவது. இடப்பக்கத் தண்ணீர் வலப்பக்கத்துக்குப் போய், அங்கிருக்கிற நல்ல துவாரத்தால் வடியும். காரணம் கட்டி என்றால் கதை வேறு, அதை எடுக்கத்தான் வேண்டும்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது.

விடியற்காலைச் சத்தி நின்றுவிட்டது. கண் நரம்பின் வீக்கமும் வடிந்துகொண்டு வருகிறது. போட்ட ஓட்டை சிலருக்குத் திரும்ப மூடிக்கொள்ளலாம் என்பதால் ஸ்கானும் கிளினிக்கும் தொடரும். தலையிடியும் சத்தியும் திரும்ப வந்தாலோ, ஆள் மந்தமானாலோ, கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். வாய்ப்பேச்சாய் விடாமல் அதை டிஸ்சார்ஜ் துண்டிலேயே எழுதித் தரச் சொல்லி நின்று வாங்கினேன். அந்தத் துண்டின் படம் இப்போது வீட்டில் எல்லாருடைய போனிலும் இருக்கிறது.