ஒரே டெர்ம், இரண்டு லீடர்

ஜனவரி 11

ராத்திரி முழுக்க டெஸ்ட் 4,000 தடவை ஓடியது. நாலாயிரமும் பாஸ்.

ஜனவரி 12

அந்த பக் வந்தது ஒரே தடவைதான், போன வெள்ளிக்கிழமை. ஐந்து சர்வர், ஒரே டெர்மில், அதாவது ஒரே தேர்தல் சுற்றில், இரண்டு லீடர். ராஃப்ட், சர்வர்கள் ஓட்டுப் போட்டு ஒரு லீடரைத் தேர்ந்தெடுத்து ஒத்துப்போகும் முறை, எது நடக்கவே நடக்காது என்கிறதோ அதுவேதான் நடந்திருக்கிறது. ஒரு டெர்முக்கு ஒரு சர்வருக்கு ஒரு ஓட்டு, லீடராக மூன்று ஓட்டு வேண்டும். ஐந்து பேரில் மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம் என்றால் ஒருவராவது இரண்டு பக்கமும் இருந்தாக வேண்டும். அவ்வளவுதான் நிரூபணம், பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். அப்படியானால் என் ஐந்தில் யாரோ இரண்டு தடவை ஓட்டுப் போட்டிருக்க வேண்டும்.

லாகை, சர்வர்கள் நடந்ததை எழுதிவைக்கும் பதிவை, பார்த்தால் அது மூன்றாவது சர்வர். ஒன்றாவதும் "மூன்றிடமிருந்து ஓட்டு வந்தது" என்கிறது, இரண்டாவதும் அதையேதான் சொல்கிறது.

என் கைடு மேடமிடம் இன்னும் சொல்லவில்லை. பேப்பர் அனுப்ப டெட்லைன் பிப்ரவரி 6.

ஜனவரி 14

கோடில் ஓட்டுப் போடும் இடத்தில், நடப்பதைக் காட்ட ஒரு பிரிண்ட் வைத்தேன், பக் வரவே இல்லை. பிரிண்டை எடுத்தேன், விடியற்காலை 3:20க்கு வந்துவிட்டது. வைத்தால் போகிறது, எடுத்தால் வருகிறது. நான் பார்க்கிறேனா என்று அது பார்ப்பது போல இருக்கிறது.

ஜனவரி 15

இன்று டுடோரியல் நான் எடுத்தேன். லாம்போர்ட் 1978இல் எழுதிய கட்டுரை. இரண்டு இயந்திரங்களின் கடிகாரத்தை வைத்து எது முந்தி எது பிந்தி என்று சொல்ல முடியாது, செய்தி போன வழியை வைத்துத்தான் சொல்ல முடியும். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். கடைசி வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "அப்போ லாகில் இருக்கும் நேரம் எதற்கு?" மனிதர்கள் படிப்பதற்கு என்றேன்.

ஜனவரி 18

மூன்றாவது சர்வர். மூன்றாவது சர்வர். லாக் எல்லாவற்றையும் நேரப்படி அடுக்கிப் பார்த்தேன். டெஸ்ட் ஸ்கிரிப்ட் மூன்றைக் கொன்று மறுபடி எழுப்பியது முதலில், அப்புறம்தான் இரண்டு ஓட்டும். ஆகவே கொன்றதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உயிரோடு இருக்கும் ஒரே புராசஸ், நினைவகத்தில் "ஓட்டுப் போட்டாயிற்று" என்று வைத்துக்கொண்டே இன்னொரு ஓட்டைக் கொடுத்திருக்கிறது. லாக்கில் ஏதோ ஓட்டை. அதாவது மியூடெக்ஸில், ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒன்றைத் தொடாமல் தடுக்கும் பூட்டில். இந்த லாக் வேறு அந்த லாக் வேறு. தூக்கம் வருகிறது.

ஜனவரி 22

நாலு நாளாக மியூடெக்ஸைத் தேடுகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது.

அம்மா போன் செய்தாள். எப்போது முடியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கச் சிரமப்படுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

ஜனவரி 23

சீனியரின் பேப்பர் மூன்றாம் தடவை திரும்பி வந்திருக்கிறது. ஒருவர் புதுமை இல்லை என்கிறார், இன்னொருவர் அளவுக்கு மீறிப் புதுசு, நம்ப முடியவில்லை என்கிறார். அவர் அமைதியாக இருந்தார். ராஃப்டுக்கு முந்தைய அதே வகை முறையான பேக்சாஸ் பற்றிய கட்டுரையை லாம்போர்ட் 1990இல் அனுப்பினார், அச்சில் வந்தது 1998இல், எட்டு வருடம் என்றார். ஆறுதலாகச் சொன்னாரா இல்லையா தெரியவில்லை. நான் என் பக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும், இந்த லேபில் அவர் பார்க்காத பக் கிடையாது.

ஜனவரி 25

அந்தப் பெண் கேட்ட கேள்வி.

டெஸ்ட் ஸ்கிரிப்ட் ஓடுவது ஆறாவது இயந்திரத்தில். அதன் கடிகாரம் மற்றதைவிட 80 மில்லி விநாடி பின்னால் இருக்கிறது, இப்போதுதான் அளந்தேன். இரண்டு ஓட்டுக்கும் நடுவில் இருப்பதே 60 மில்லி விநாடிதான். நான் மூன்றைக் கொன்றது ஓட்டுக்கு முன்னால் இல்லை, இரண்டு ஓட்டுக்கும் நடுவில். ஒன்றாவதற்கு ஓட்டுப் போட்டது, செத்தது, எழுந்தது, போட்டதே தெரியாமல் இரண்டாவதற்குப் போட்டது. வகுப்பில் நின்று நானே சொன்ன விஷயம், ஒரு வாரத்தை அதில் தொலைத்திருக்கிறேன்.

ஏன் தெரியவில்லை? ஓட்டை டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் பதில் அனுப்ப வேண்டும், ராஃப்ட் கட்டுரையிலேயே இருக்கிறது. என் கோடிலும் எழுதுகிறேனே.

ஜனவரி 26

எழுதவில்லை. எழுதச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். செப்டம்பரில் நானே போட்ட மாற்றம்: எழுதும் வேலையை, கூடவே தனியாக ஓடும் இன்னொரு த்ரெட்டிடம் கொடுத்துவிட்டு உடனே பதில் அனுப்பிவிடு. பிரிண்ட் போட்டால் ஏன் மறைந்தது என்பதும் புரிந்துவிட்டது, பிரிண்ட் எடுத்துக்கொள்ளும் அந்தத் துளி நேரத்தில் அந்த த்ரெட் எழுதி முடித்துவிடுகிறது.

ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் செப்டம்பரில் அந்த மாற்றத்தை ஏன் போட்டேன் என்று ஞாபகம் வந்தது.

ஜனவரி 27

விநாடிக்கு 61,000 கோரிக்கை இருந்தது. திருத்திய பிறகு 23,000.

ஜனவரி 28

பேப்பரின் முதல் பக்கத்தில் இருக்கிற எண் 61,000. சுருக்கத்தில், முன்னுரையில், கிராஃப் 4இல், எல்லா இடத்திலும். நாங்கள் மற்றவர்களைவிட வேகம் என்று சொன்னதில் பெரும்பகுதி, டிஸ்குக்குக் காத்திருக்காததால் வந்த வேகம். அவர்கள் காத்திருக்கிறார்கள். நினைவகத்தில் எழுதுவது நானோ விநாடிக் கணக்கு, டிஸ்கில் போய் உட்கார்வது மைக்ரோ, சில நேரம் மில்லி விநாடி வரைக்கும் போகும்.

ஒரு வழி இருக்கிறது, காலையிலிருந்து அதுவே மண்டையில் ஓடுகிறது. ஓட்டுக்கு மட்டும் காத்திருந்தால் போதும். ஓட்டு எப்போதாவது வருவது, அதற்குக் காத்திருந்தால் வேகம் குறையவே குறையாது, 61,000 அப்படியே நிற்கும், இரண்டு லீடர் வரவே வராது, என் டெஸ்ட் ஆயிரம் ராத்திரி ஓடினாலும் பாஸ். விமர்சிப்பவர் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் டேட்டாவும் அதே த்ரெட் வழியாகத்தான் போகிறது. எழுதியாயிற்று என்று பயனருக்குச் சொல்லிவிட்டு, எழுதுவதற்குள் மூன்று சர்வர் செத்தால் அது போனதுதான். என் டெஸ்ட் ஒரு நேரத்தில் ஒரு சர்வரைத்தான் கொல்கிறது, அதனால்தான் இதுவரை கண்ணில் படவில்லை. மூன்றையும் சேர்த்துக் கொல்லும் டெஸ்டை எழுதப் பத்து நிமிஷம் ஆகும்.

ஜனவரி 29

எழுதினேன். பதினொன்றாவது தடவையிலேயே டேட்டா காணாமல் போனது.

ஜனவரி 30

எழுதாமல் இருந்திருந்தால் என்று இன்று முழுக்க நினைத்தேன். அதை நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 1

மேடமிடம் சொன்னேன். லாகை விரித்து வைத்து, நடந்த வரிசையில், 80 மில்லி விநாடியையும் சேர்த்து. நடுவில் ஒரு தடவை குரல் உடைந்தது. அவர் கடைசி வரை கேட்டார், கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: "எப்போது தெரியும்?" 26ஆம் தேதி என்றேன். "ஆறு நாள்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வெளியே வந்ததும் சீனியரிடமும் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒவ்வொன்றாகவா டிஸ்குக்கு அனுப்புகிறாய்? சேர்த்து அனுப்பு." பத்து, இருபது பதிவுகளைத் திரட்டி ஒரே எஃப்சிங்க், அதாவது டிஸ்கில் எழுதி முடியும்வரை ஒரே ஒரு காத்திருப்பு. டேட்டாபேஸ்காரர்கள் பல காலமாகச் செய்வது. பாடத்தில் படித்தேன், தேர்வில் எழுதினேன், இந்த வாரம் முழுக்க ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

பிப்ரவரி 3

38,000. பழைய எண் இல்லை, ஆனால் இது நிஜம். ஒரு கோரிக்கைக்கு ஆகும் நேரம் கொஞ்சம் கூடியிருக்கிறது, அதையும் கிராஃபில் போட வேண்டும். மேடம் சுருக்கத்தை அடித்துத் திருத்தி அனுப்பியிருக்கிறார், "வேகமான" என்கிற சொல் மூன்று இடத்தில் போய்விட்டது. கீழே தனி வரியில்: டெட்லைனுக்குள் முடியாவிட்டால் அடுத்ததற்கு அனுப்பலாம், தூங்கு.

பிப்ரவரி 4

தூங்கவில்லை. மூன்று சர்வரைக் கொல்லும் டெஸ்ட், நான்கைக் கொல்வது, எழுப்பும்போதே கொல்வது. எல்லாக் கடிகாரத்தையும் வேண்டுமென்றே கலைத்துவிட்டு மறுபடி ஓட்டுகிறேன்.

பிப்ரவரி 5

2,317 பாஸ். ஓடிக்கொண்டிருக்கிறது.