பெரியம்மாவின் ஃபிட்டோனியா மறுபடியும் காலமானது

காபிகூட இறங்கவில்லை, அதற்குள் பெரியம்மா போன். "கண்ணு, போயிடுச்சுடா."

யார் என்று கேட்கவே வேண்டாம். நம் குடும்பத்தில் காலையில் போய்விட்டு மத்தியானம் திரும்பி வருகிற ஒரே ஜீவன், டீப்பாய் மேல் இருக்கும் ஃபிட்டோனியா செடிதான்.

கனகாம்பரம், ஆடாதொடை, நிலவேம்பு எல்லாம் இதற்குப் பங்காளிகள். ஆனால் அவை பாட்டுக்கு வெயிலில் கிடக்கும். இது பெரு நாட்டு மழைக்காட்டில், மர நிழலில், ஈரத் தரையோடு ஊர்ந்து வளர்ந்த செல்லம். அரையடி உயரம் வந்தாலே அதிகம். மண்ணைத் தொட்ட கணுவில் எல்லாம் வேர்விட்டுப் படரும். இலையும் மெல்லிசு, வேரும் மேலோட்டம். தொட்டி காய்ந்தால் அப்படியே சரிந்து படுத்துவிடும்.

குடும்பத்தோடு கும்பகோணம் கல்யாணத்துக்குப் போய்வந்தபோது அப்படித்தான் படுத்திருந்தது. தொட்டியைத் தண்ணீர் வாளியில் அரை மணி நேரம் உட்காரவைத்து, நன்றாக வடியவிட்டால், சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்தது. தெருவே வந்து பார்த்தது. அன்று பெரியம்மா சொம்பைக் கையில் எடுத்தவர்தான். இலை லேசாகத் துவண்டால் ஒரு சொம்பு. துவளாவிட்டாலும், துவண்டுவிடக் கூடாதே என்று ஒரு சொம்பு. பெரியப்பா மத்தியானம் கண் அயர்வதற்கே பயப்படுகிறார்.

இந்தத் தடவை மண்ணில் விரலை விட்டால் சேறு. தொட்டியைத் தூக்கினால் செங்கல் கனம். காய்ந்து விழுந்தாலும் மூழ்கி விழுந்தாலும் பார்வைக்கு ஒரே கோலம்தான். வேர் அழுகியபின் தண்ணீரை உறிஞ்ச ஆளில்லை. சேற்றில் நின்றுகொண்டே இலை தாகத்தில் சாகும். அதற்கு இன்னொரு சொம்பு ஊற்றினால் என்ன ஆகும்?

கவிழ்த்துப் பார்த்ததில் வேர் முக்கால்வாசி கறுப்பு. இழுத்தால் தோல் தனியாக உரிகிறது, நாற்றம் வேறு. இனி நுனிகளைத்தான் காப்பாற்ற முடியும். கெட்டியான தண்டாகப் பார்த்து, இரண்டு மூன்று கணு இருக்கும்படி, கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். நடுவதற்கு இரண்டு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு பங்கு பெர்லைட் (பொரிபோல் லேசான வெள்ளைக் கல் துகள்). மண்புழு உரம் வேர் பிடித்த பிறகுதான். கோகோபீட்டை உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் இலை ஓரம் கருகும். உப்பு போர் தண்ணீரும் அதே வேலையைத்தான் செய்யும். ஜன்னலுக்கு மூன்று நான்கடி தள்ளி வைத்தால் போதும். நேர் வெயில் பட்டால் பொசுங்கும், ரொம்ப இருட்டானால் தண்டு நீண்டு இலை நரம்பின் நிறம் வெளுக்கும். ஏசிக்கு நேர்கீழே வைத்தது யார் என்று கேட்டால் எல்லோரும் பெரியப்பாவைப் பார்க்கிறார்கள். புதர்போல் அடர நுனி கிள்ளணும், பூக்கதிர் வந்தால் அதையும் கிள்ளணும் என்றதற்கு, "பூவைக் கிள்ளச் சொல்றவன் உருப்படுவானா?" என்று எனக்கு அர்ச்சனை.

வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை ஈரக்காற்று வேண்டும், மூடி போட்ட கண்ணாடி ஜாடி இருந்தால் நல்லது என்று வாய்விட்டுவிட்டேன். ஆவக்காய் ஜாடி காலி. சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் காரம் போகவில்லை. உப்பும் எண்ணெயும் ஒட்டியிருந்தால் குச்சி பிழைக்காது என்று வெந்நீரில் மறுபடி தேய்த்தோம்.

ஒருவழியாக நட்டு மூடியாயிற்று. ஜாடியின் உள்பக்கம் பனி படிந்துகொண்டிருக்கிற வரைக்கும் தண்ணீர் பக்கமே போக வேண்டாம் என்றேன். பெரியம்மா முகம் விழுந்துவிட்டது.

"அப்ப நான் என்னதான்டா பண்றது?"

"எனக்கு ஒரு காபி போடேன்" என்றார் பெரியப்பா.