ஷாப்ட் வளைகிறதா, உடைகிறதா, தேய்கிறதா?

மெஷினில் சுழலும் தண்டான ஷாப்ட் ஓடும்போது ஆடுகிறது என்று பட்டறையில் சொன்னால், “எம்.எஸ்.ஸை எடுத்துட்டு ஈ.என்.24 போட்டுடுங்க” என்ற பதில் அடிக்கடி வரும். எம்.எஸ். என்பது சாதாரண மைல்ட் ஸ்டீல், ஈ.என்.24 அதைவிடப் பலமான கலப்பு ஸ்டீல். செலவு கூடும். சுமையால் வரும் வளைவு அப்படியே இருக்கும்.

சுமை ஏறியதும் ஷாப்ட் எவ்வளவு வளையும் என்பது விறைப்பைப் பொறுத்தது. அதைக் குறிக்கும் யங் குணகம் எம்.எஸ்., நடுத்தரக் கார்பன் ஸ்டீலான ஈ.என்.8, ஈ.என்.24 மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: 200 முதல் 210 கிகாபாஸ்கல். ஈ.என்.24-இல் உள்ள நிக்கல், குரோமியம், மாலிப்டினம் அதை உயர்த்துவதில்லை. ஹார்டனிங் செய்தாலும், அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கினாலும், உயராது. அவை உயர்த்துவது பலத்தையும் கடினத்தன்மையையும்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஷாப்ட் 25 மி.மீ., இரண்டு பேரிங்குக்கும் இடையே 600 மி.மீ., நடுவில் 500 நியூட்டன், அதாவது சுமார் 50 கிலோ இழுவை. நடுவில் 0.57 மி.மீ. வளையும். அப்போது உள்ளே எழும் தகைவு (பரப்பளவுக்கு இவ்வளவு என்ற விசை) 49 மெகாபாஸ்கல்தான், சாதாரண எம்.எஸ். திரும்ப நிமிராதபடி வளைவதற்கே 250 வேண்டும். பலத்தில் குறையே இல்லாத இடத்தில் இன்னும் பலமான இரும்பை வாங்கி என்ன பயன்? விட்டத்தை 30 ஆக்கினால் வளைவு 0.28-க்கு இறங்கும். விட்டத்தைத் தொடாமல் பேரிங் இடைவெளியை 450 ஆக்கினால் 0.24. விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளைவு குறையும், நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். எடை குறையட்டும் என்று அதே அளவில் அலுமினியம் போட்டால் வளைவு 1.7 மி.மீ. ஆகிவிடும், அதன் குணகம் சுமார் 70 தான்.

இதற்கெல்லாம் முன்னால், சிறு ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்து ஷாப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். பேரிங்கில் தேய்மானம் இல்லாமலே முள் ஓடினால், ஷாப்ட் எப்போதோ ஜாம் ஆகி நிரந்தரமாக வளைந்திருக்கிறது. அங்கே மட்டும் ஈ.என்.24-க்கு நியாயம் உண்டு.

உடைவது வேறு நோய். உடைந்த முகத்தில் ஓரத்திலிருந்து அலை அலையாகக் கோடுகள் பரவி, மீதிப் பகுதி சொரசொரப்பாக இருந்தால் அது களைப்பு முறிவு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையில் விரிசல் மெல்ல வளர்ந்து உடைவது. விரிசல் பெரும்பாலும் கீவே (சாவி உட்காரும் பள்ளம்) மூலையிலோ, விட்டம் மாறும் படியிலோ பிறக்கும். படியின் மூலையைக் கூர்மையாகக் கடைந்து விட்டிருந்தால் அதுதான் குற்றவாளி. பேரிங்கின் மூலை வளைவு இடிக்காத அளவுக்கு, முடிந்தவரை பெரிய ரேடியஸ் கொடுக்கச் சொல்லுங்கள். பலமான ஸ்டீல் இத்தகைய கூர்முனைகளுக்கு இன்னும் அதிகமாகவே கூசும். அதனால் மூலையைச் சரிசெய்யாமல் கிரேடை மட்டும் உயர்த்துவது வீண்.

தேய்வதற்கு மருந்து கடினத்தன்மை. எம்.எஸ்.ஸைச் சிவக்கக் காய்ச்சி நீரில் முக்கினாலும் உருப்படியாக இறுகாது, கார்பன் போதாது. கார்பன் சுமார் 0.4 சதவீதம் உள்ள ஈ.என்.8-ஐ ஆயில் சீல் உரசும் இடத்தில் மட்டும் இண்டக்‌ஷன் ஹார்டனிங் (மின்சுருளால் மேல்பகுதியை மட்டும் காய்ச்சி இறுக்குவது) செய்தால், கடினத்தன்மையை அளக்கும் ராக்வெல் சி அளவில் 50-ஐத் தாண்டும், உள்பகுதி மென்மையாகவே இருக்கும். எம்.எஸ்.ஸே கையில் இருந்தால் முதலில் மேல்தோலில் கார்பன் ஏற்ற வேண்டும்.

தேய்ந்த பேரிங் இருக்கையில் வெல்டிங் போட்டு நிரப்பிக் கடைவது எல்லா ஊரிலும் நடக்கிறது. எம்.எஸ்.ஸில் பரவாயில்லை. ஈ.என்.8-ஐ 150 முதல் 200 டிகிரி வரை சூடாக்கி, காயவைத்த 7018 ராடால் (ஹைட்ரஜன் குறைந்த வெல்டிங் ராட்) நிரப்பி, மெதுவாக ஆறவிட வேண்டும். குளிர்ந்த ஷாப்டில் அப்படியே போட்டால் வெல்டுக்கு அடியில் இரும்பு கண்ணாடிபோல் நொறுங்கும் பதத்துக்கு இறுகி, வெல்டின் ஓரத்திலேயே முறியும். ஈ.என்.24-இல் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதற்குப் புது ஷாப்டே போட்டுவிடுங்கள்.