லயத்திலிருந்து பாதுகாப்பு இல்லத்துக்கு: போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், கணவனிடம் அடிபட்ட இரவில் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டை, விட்டு இறங்கிய பெண்கள், சில நாளில் அதே காம்பராவுக்கு (அறைக்கு) திரும்பிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அடையாள அட்டை அங்கே கிடக்கும். எடுக்கப் போனால் திரும்ப விடமாட்டார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் எதையும் பார்க்காமல் ஓடுங்கள், 119க்கு அழையுங்கள். ஓரிரு நாள் அவகாசம் இருந்தால் முதல் வேலை காகிதங்கள்தான்.

அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணம் விழும் வங்கிப் புத்தகம், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம் உள்ள சம்பளத் துண்டு. எல்லாவற்றையும் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பக்கத்துக் காம்பரா வேண்டாம். அங்கே இருப்பது பெரும்பாலும் கணவருடைய சொந்தக்காரர்கள். புறப்பட வேலைநாள் காலைதான் வசதி. பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போவதுபோல இடுப்பில் வேலைப் படங்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். லீவு நாளில் பையோடு டவுன் பஸ்ஸுக்கு நின்றால் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

பாதுகாப்பு இல்லத்தின் முகவரி இரகசியம், நேரே போய்க் கதவைத் தட்ட முடியாது. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம், பிரதேச செயலகத்தில் உள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், அரசாங்க ஆஸ்பத்திரியில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் நட்பு நிலையம், இவற்றில் ஒன்றின் வழியாகப் போகலாம். ஆண் பிள்ளை இருந்தால் வயதை முதலிலேயே சொல்லுங்கள். வளர்ந்த பையன்களை எடுக்காத இல்லங்கள் உண்டு. கடைசி நேரத்தில் இது தெரியவந்து தாய் திரும்பிப் போவது மிகவும் வேதனையானது.

பொலிஸில் அதிகம் பிசகுவது என்ட்ரி, அதாவது முறைப்பாட்டைப் பதிவது. சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமல் கையொப்பம் கேட்பார்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விளங்காத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். என்ட்ரி இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். காயம் இருந்தால் சட்ட வைத்திய பரிசோதனைக்கான படிவத்தைக் கேட்டு வாங்கி, நீலம் மறையுமுன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "தோட்டத்துத் தலைவரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசுவோம்" என்றால் சம்மதிக்க வேண்டியதில்லை.

இல்லத்தில் இருக்கும் நாட்கள் ஓய்வுக்கு மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலும் கேட்கலாம், பழைய டவுனுக்கே போக வேண்டியதில்லை. கல்யாணம் பதியாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். தோட்டத்தில் பலர் இது தெரியாமலே பின்வாங்குகிறார்கள். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, முழுக் கட்டளை 12 மாதம் வரை. அவர் மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். சட்டத்தரணிக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். பிள்ளைச் செலவுக்குத் தாபரிப்பு வழக்கு தனியாகப் போட வேண்டும்.

இருக்கும் இடம் இரண்டு வழியில் வெளியே கசியும். ஒன்று போன்: பழைய சிம்மைக் கழற்றிவிடுங்கள். மற்றது பள்ளிக்கூடம்: விடுகைப் பத்திரம் கேட்கும்போதே எந்த ஊர் என்ற கேள்வி வரும், அது தகப்பன் காதுக்கும் போகும். அதிபரிடம் உத்தியோகத்தரே பேசட்டும். வேலைக்கு வராத காரணத்தைத் தோட்டத்து ஒப்பிசுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடக்கூடும். அனுப்புபவர் இடத்தில் இல்லத்தின் முகவரியைப் போடாதீர்கள்.

கென்யாவில் சம்புரு இனப் பெண்கள் தங்களுக்கென்றே 1990இல் தொடங்கிய உமோஜா கிராமத்தில் பெண்கள் ஆண்டுக்கணக்காக வாழ்கிறார்கள், பாசிமணி செய்து விற்று வருமானம் தேடுகிறார்கள். நம் லயக் காம்பராவோ கம்பெனியுடையது, இல்லமும் சில காலத்துக்குத்தான். அதனால் கட்டளை கேட்கும்போதே, சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள் அவர் நுழையக்கூடாது என்ற தடையையும் கேளுங்கள், சட்டத்தில் அதற்கு இடமுண்டு. திரும்புவதானால் கட்டளையின் பிரதி ஒன்று பொலிஸில், ஒன்று தோட்டத்து ஒப்பிசில், ஒன்று உங்கள் கையில். கதவுக்குப் புதுப் பூட்டு.